சிக்கிமுக்கிக் கல்லும் சிப்பாயின் பல்லும்

இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் ராணுவத்தில் சேரப் போனால் உயரம் அளப்பார்கள், கை கால் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம் வாயைத் திறக்கச் சொல்வார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான். ஆனால் வயதைக் கண்டுபிடிக்க அல்ல, முன்பற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க! மேலும் கீழும் முன்பல் இல்லாதவன் காலாட்படைக்கு லாயக்கில்லை. நெப்போலியன் காலத்து பிரான்சில் கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பிக்க இளைஞர்கள் தங்கள் முன்பற்களைத் தாங்களே உடைத்துக்கொண்டதும் உண்டு.

துப்பாக்கி சுடக் கண் வேண்டும், கை வேண்டும், சரி. பல் எதற்கு?

காரணம் அந்தக் காலத்துத் தோட்டா. இன்றைய பித்தளைத் தோட்டா மாதிரி அல்ல அது. சுருட்டி மடித்த ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே சுமார் 10 கிராம் கருமருந்து, கூடவே ஓர் ஈயக்குண்டு. இடது கையில் நாலரை கிலோ துப்பாக்கி, வலது கையில் பொட்டலம். அதைக் கிழிக்க மூன்றாவது கை கிடையாது. பல்தான் அந்த மூன்றாவது கை.

இந்தத் துப்பாக்கியின் பெயர் ஃப்ளின்ட்லாக் மஸ்கட். தமிழில் சொன்னால் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. இதற்கு முன்னால் இருந்தது திரித்துப்பாக்கி. எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் ஒரு திரியை மருந்தில் தொட வைத்துச் சுட வேண்டும். நம் பாளையக்காரர் படைகளில் இருந்த துப்பாக்கிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். இடுப்பில் வெடிமருந்து, கையில் எரியும் திரி! ராத்திரியில் பதுங்கியிருந்தால் திரியின் நெருப்பே காட்டிக்கொடுத்துவிடும். மழை பெய்தால் திரி அணைந்துவிடும். இந்தத் தொல்லைகளுக்கு 1600களின் தொடக்கத்தில் ஒரு வழி பிறந்தது. பிரான்சின் லிசியூ ஊரைச் சேர்ந்த மாரன் லெ பூர்ஷ்வா என்ற கைவினைஞர்தான் ஃப்ளின்ட்லாக்கை அதன் முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. துப்பாக்கியின் வலது பக்கம் ஒரு வளைந்த கை இருக்கும். ஆங்கிலத்தில் அதற்குச் 'சேவல்' என்று பெயர், தமிழில் துப்பாக்கிக் 'குதிரை' (ஆளுக்கொரு பிராணி!). அந்தக் குதிரையின் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் பாய்ந்து ஓர் எஃகு மூடியில் உரசும், பொறி பறக்கும், மூடி திறந்துகொள்ளும். கீழே ஒரு சின்னத் தட்டில் சிட்டிகை மருந்து. அது பற்றிக்கொண்டு, குழலின் பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்தையும் பற்றவைக்கும். டமால்!

எல்லாம் சரியாக நடந்தால்தான் டமால். தட்டில் மட்டும் பளிச்சென்று எரிந்து உள்ளே ஒன்றும் நடக்காமல் போவதும் சகஜம். ஆங்கிலத்தில் 'ஃப்ளாஷ் இன் த பேன்' என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான். 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்பதும் இந்தத் துப்பாக்கியின் மூன்று பாகங்கள்தான்: விசைப்பொறி, கட்டை, குழல்.

பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் நூறு வருடத்துக்கும் மேலாக இருந்த மஸ்கட்டுக்குச் செல்லப்பெயர் 'பிரவுன் பெஸ்'. 1720களில் ஆரம்பித்து 1830கள் வரைக்கும் அதன் அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஒரு தாத்தா சுட்ட அதே மாதிரித் துப்பாக்கியைப் பேரனும் சுட்டிருக்கலாம். அந்தத் துப்பாக்கியை ஒரு தடவை சுட சிப்பாய் என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா?

குதிரையைப் பாதி இழுத்து நிறுத்த வேண்டும். தோட்டாப்பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் எடுக்க வேண்டும். பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைத் தட்டில் கொட்டி மூட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தித் தரையில் ஊன்றி மீதி மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ள வேண்டும். குழலுக்கு அடியில் செருகியிருக்கும் நீளமான கெஜக்கோலை உருவி, இடித்துக் கெட்டிக்க வேண்டும். கெஜக்கோலைத் திரும்பச் செருக வேண்டும். குதிரையை முழுக்க இழுக்க வேண்டும். அப்புறம்தான் சுட முடியும்.

நன்றாகப் பழகிய சிப்பாய் இத்தனையையும் 20 விநாடியில் செய்துவிடுவான். நிமிடத்துக்கு மூன்று குண்டு. அதுவும் முதல் சில நிமிடங்களுக்கு மட்டும். போகப் போகக் குழலில் கரி படியும், கை நடுங்கும், கல் மழுங்கும். ஒரு கல் இருபது முப்பது தடவைக்கு மேல் தாங்காது. பதற்றத்தில் கெஜக்கோலை உள்ளேயே விட்டுச் சுட்டுவிட்டவர்களும் உண்டு. அது அம்பு மாதிரி பறந்துபோய்விடும். கோல் போனால் துப்பாக்கி வெறும் கட்டைதான், சண்டை முடியும்வரை அந்த ஆள் எதுவும் கெட்டிக்க முடியாது. ஆரம்பத்தில் மரக்கோல்கள்தான் இருந்தன, இடிக்கிற வேகத்தில் முறிந்துபோகும். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவின் லியோபோல்ட் இளவரசர் இரும்புக் கோல் கொண்டுவந்தார். இந்த ஒரு சின்ன மாற்றத்தாலேயே பிரஷ்யச் சிப்பாய்கள் மற்றவர்களைவிட வேகமாகச் சுட்டார்கள்.

கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. (அதில் பெரும்பகுதி பீகாரிலிருந்து கப்பலேறிப் போனது என்பது தனிக்கதை.) ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் அந்த உப்பு வாய்க்குள் போகும். பத்துப் பதினைந்து தோட்டா கடித்ததும் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். உதடும் கன்னமும் கறுப்பாகிவிடும். நெப்போலியன் காலத்துச் சிப்பாய்கள் எழுதி வைத்திருக்கும் நினைவுக் குறிப்புகளில் சண்டையைப் பற்றிய வர்ணனைக்குச் சமமாகத் தாகத்தைப் பற்றியும் இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் சுட்டால் குண்டு எங்கே போகும்? அதுதான் வேடிக்கை. பிரவுன் பெஸ்ஸின் குழல் விட்டம் 0.75 அங்குலம். குண்டின் விட்டமோ சுமார் 0.69 அங்குலம். கரி படிந்த குழலிலும் சுலபமாக இறங்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே சின்னதாகச் செய்தார்கள். அதனால் குண்டு குழலுக்குள் இங்கும் அங்கும் முட்டிக்கொண்டு வரும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதைப் பொறுத்து அதன் போக்கு. ஜார்ஜ் ஹேங்கர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1814-ல் எழுதியதன் சாரம் இதுதான்: 80 கஜத்தில் ஆளைச் சுடலாம், 100-லும் ஒருவேளை முடியலாம், 150 கஜத்தில் தன்னைக் குறிபார்த்தவன் குண்டாலேயே அடிபட்டால் அவன் மகா துரதிருஷ்டசாலி.

பிரஷ்யாவில் ஒரு சோதனை செய்தார்கள். 100 அடி நீளம், 6 அடி உயரத்தில் ஒரு துணியைக் கட்டி ஒரு பட்டாலியனைச் சுடச் சொன்னார்கள். 75 கஜத்தில் 60 சதவீதம் பட்டது. 150 கஜத்தில் 40. 225 கஜத்தில் 25. எதிரில் யாரும் திருப்பிச் சுடாத, புகையில்லாத, பயமில்லாத மைதானத்தில் இந்த லட்சணம்! உண்மையான சண்டையில்? ஸ்பெயினில் 1813-ல் நடந்த விட்டோரியா போரில் செலவான தோட்டாக்களையும் விழுந்த எதிரிகளையும் கணக்குப் பார்த்த ஹெனிகன் என்ற பிரிட்டிஷ் வெடிமருந்துப் பொறுப்பாளர், சுமார் 450 குண்டுக்கு ஓர் ஆள் என்று முடிவுக்கு வந்தார்.

ஆக இது தனியாள் ஆயுதமே அல்ல. ஒருவன் தனியாக நின்று சுட்டால் யானையைத்தான் அடிக்க முடியும், அதுவும் பக்கத்தில் வந்தால். ஐந்நூறு பேர் தோளோடு தோள் உரசி நின்று, ஒரே நேரத்தில், ஒரே திசையில் சுட்டால்தான் பயன். ஐந்நூறு பேரும் சேர்ந்ததுதான் ஒரு துப்பாக்கி. ஒவ்வொரு சிப்பாயும் அதில் ஒரு ஸ்பிரிங் அல்லது திருகு, அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சிப்பாயின் வாழ்க்கையில் நமக்கு விசித்திரமாகவும் கொடூரமாகவும் தெரிகிற பல விஷயங்கள் இங்கிருந்துதான் வருகின்றன.

சினிமாவில் பார்க்கும்போது 'ஏன் இந்த முட்டாள்கள் பளிச்சென்று சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்று சாகிறார்கள், மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாதா?' என்று தோன்றும். அவர்கள் முட்டாள்கள் அல்ல. பிரிந்து நின்றால் குறி தவறும், குதிரைப்படை வந்தால் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்த்துவிடும். கூட்டமாக நிற்பதுதான் பாதுகாப்பு. ஆனால் முப்பது மீட்டரில் எதிரியின் ஐந்நூறு குழல்கள் நம்மைப் பார்க்கும்போது ஓடாமல் நிற்பது மனித இயல்பு அல்ல. கையை நடுங்கவிடாமல் பொட்டலத்தைக் கடித்து, கொட்டி, இடித்து, செருகுவது அதைவிடக் கஷ்டம். யோசிக்க ஆரம்பித்தால் முடியாது. ஆகவே யோசிக்கவே விடக்கூடாது.

அதற்குத்தான் டிரில். காலை, மாலை, மழை, வெயில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில், தூக்கத்தில் எழுப்பினாலும் கை தானாகச் செய்யும்வரை டிரில். வேடிக்கை என்னவென்றால் உண்மையான குண்டு வைத்துக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி மிகக் குறைவு. வருடத்துக்குச் சில டஜன் குண்டுகள்தான். பிரிட்டிஷ் கட்டளைகளில் 'குறிபார்' என்ற சொல்லே கிடையாது. 'நீட்டு', 'சுடு', அவ்வளவுதான். வேகம்தான் வேண்டும், குறி வேண்டாம். பக்கத்து ஆளின் துப்பாக்கித் தட்டிலிருந்து நெருப்பு கன்னத்தில் தெறிக்கும் என்பதால் பலர் கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுத்தார்கள்.

டிரில்லுக்குப் பின்னால் இருந்தது சவுக்கு. பிரிட்டிஷ் ராணுவத்தில் குடித்துவிட்டு வந்தாலும் திருடினாலும் காவல் நேரத்தில் தூங்கினாலும் கசையடி. நூறு, இருநூறு என்பதெல்லாம் சாதாரணம். 1807-ல் ஒரு சிப்பாய்க்கு 1500 கசையடி தண்டனை விதிக்கப்பட்டது. அரசர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்டு, எந்தக் குற்றத்துக்கும் 1000 அடி போதும் என்று சொன்னார். கருணை! ரெஜிமென்ட் மொத்தமும் வரிசையில் நின்று பார்க்க, மேளம் அடிக்கிற பையன்கள்தான் அடிக்க வேண்டும். இத்தனைக்கும் எதிரில் இருந்த பிரெஞ்சு ராணுவம் கசையடியே இல்லாமல் ஐரோப்பா முழுவதையும் கைப்பற்றிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் தளபதிகள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. 1881-ல்தான் அங்கே கசையடி முழுமையாக ஒழிந்தது.

கழுத்தில் 'ஸ்டாக்' என்று ஒரு விறைப்பான தோல் பட்டை. தலையைக் குனியவிடாது. வரிசையில் நிமிர்ந்து நிற்பதற்காக! முதுகில் மூட்டை, போர்வை, ரொட்டி, தண்ணீர்க் குடுவை, இடுப்பில் 60 தோட்டா, கையில் துப்பாக்கி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 கிலோவுக்கும் மேல். சம்பளம் ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங். அதில் சாப்பாட்டுக்கு, துணி துவைக்க, பெல்ட்டுக்கு வெள்ளை பூச என்று பிடித்துக்கொண்டு போக மிச்சம் சில பென்ஸ். 1806 வரைக்கும் ஒருமுறை சேர்ந்தால் பொதுவாக ஆயுள் முழுக்கச் சேவைதான்.

யார் சேர்ந்தார்கள்? வேலை இழந்த நெசவாளிகள், கூலி விவசாயிகள், கிராமத்தில் ஏதோ வம்பில் மாட்டியவர்கள், அயர்லாந்தின் பசி தாங்காதவர்கள். சேரும்போது கொடுக்கும் முன்பணம் அவர்கள் வாழ்நாளில் பார்க்காத தொகை. பெரும்பாலும் அன்று ராத்திரியே அது சாராயக்கடைக்குப் போய்விடும்.

பெஞ்சமின் ஹாரிஸ் என்பவர் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்து ராணுவத்துக்குப் போனார், பிறகு 95-வது ரைபிள் படையில் சேர்ந்தார். அங்கே செருப்பு தைப்பதும் அவர் வேலை. எழுதத் தெரியாது. வயதான பிறகு அவர் சொல்லச் சொல்ல ஓர் அதிகாரி எழுதிய நினைவுகள் 1848-ல் புத்தகமாக வந்தன. ஜெனரல்கள் எழுதிய நூறு புத்தகங்களில் கிடைக்காத விஷயங்கள் அதில் உண்டு. (ஹாரிஸ் வைத்திருந்தது 'பேக்கர் ரைபிள்'. அதுவும் சிக்கிமுக்கிக் கல்தான், ஆனால் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு. குறி தப்பாது, கெட்டிக்கத்தான் அதிக நேரம்.)

1808 ஆகஸ்ட் 17, போர்ச்சுகலில் ரோலிசா என்ற இடத்தில் சண்டை. ஹாரிஸுக்குப் பக்கத்தில் ஜோசஃப் கோக்கன் என்ற நண்பர் சுட்டுக்கொண்டிருந்தார். கடும் வெயில், கடித்த மருந்தின் தாகம். தண்ணீர்க் குடுவையைத் தூக்கி, ஹாரிஸின் நலத்துக்கென்று சொல்லி வாயில் வைத்தார். குடுவையைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டு அவர் தலைக்குள் போய்விட்டது.

சண்டை முடிந்ததும் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். வரிசைக்கு எதிரில் சிப்பாய்களின் மனைவிமார் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் நூறு சிப்பாய்க்கு ஐந்தாறு மனைவிகளை மட்டும்தான் கப்பலில் கூட்டிப்போக அனுமதி. கப்பலேறும் நேரத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். 'போகலாம்' என்று வந்தால் கப்பல், 'போக முடியாது' என்று வந்தால் கைக்குழந்தையோடு துறைமுகத்திலேயே நிற்க வேண்டியதுதான், பல நேரம் கணவனை அதற்குப் பிறகு பார்ப்பதே இல்லை. கோக்கனின் மனைவி அப்படி வந்தவர்களில் ஒருவர். கணவன் பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. ஹாரிஸ்தான் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் இடத்தைக் காட்டச் சொல்லிக் கூடவே நடந்து போய், உடலைக் கட்டிக்கொண்டு அழுதார். அங்கேயே புதைத்தார்கள்.

அதன்பின் அவர் அந்தக் கம்பெனியோடுதான் நடந்து போனார், வேறு போக்கிடம் இல்லை. கொஞ்ச நாளில் ஹாரிஸ் அவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னார். அன்றைய நிலைமையில் அது அசாதாரணம் அல்ல, போர்க்களத்தில் விதவையானவர்கள் சில நாட்களிலேயே வேறு சிப்பாயை மணந்துகொள்வது வழக்கம். இல்லையென்றால் ராணுவச் சாப்பாடு நின்றுவிடும். ஆனால் அவர் மறுத்துவிட்டார். இன்னொரு சிப்பாயை நினைத்துப் பார்க்கவும் முடியாத அளவுக்கு அந்த அதிர்ச்சி இருந்தது என்றாராம். பிறகு ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். ஹாரிஸ் சொல்வது அவ்வளவுதான்.

மஸ்கட் குண்டு மெதுவாகப் போகும், கனமாக இருக்கும். சுமார் 30 கிராம் மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டால் எலும்பு நொறுங்கும். போகும்போது சட்டைத்துணியின் அழுக்குத் துண்டையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். அதனால் சீழ் பிடிக்கும். கையிலோ காலிலோ எலும்பு நொறுங்கினால் அறுத்து எடுப்பதுதான் வைத்தியம். மயக்க மருந்து வர 1846 ஆனது.

ஆனாலும் குண்டைவிடக் கொசு அதிகம் கொன்றது. 1809-ல் பிரிட்டன் சுமார் 40 ஆயிரம் பேரை நெதர்லாந்தின் வால்கெரன் தீவுக்கு அனுப்பியது. நான்காயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அதில் சண்டையில் இறந்தவர்கள் 106 பேர். மற்றவர்களெல்லாம் காய்ச்சலில். இருபது விநாடியில் கெட்டிக்கக் கற்றதெல்லாம் வீண்.

இந்தத் துப்பாக்கியின் உச்சக்கட்டம் என்று 1815 ஜூன் 18-ஐச் சொல்லலாம், வாட்டர்லூ. முந்தின ராத்திரி கொட்டித் தீர்த்த மழை. சேற்றில் படுத்துக் கிடந்த இரு பக்கத்துச் சிப்பாய்களும் காலையில் செய்த முதல் வேலை துப்பாக்கியைக் காயவைத்துத் துடைத்ததும், உள்ளே நனைந்து கிடந்த மருந்தைச் சுட்டுத் தீர்த்ததும்தான். பிறகு பகலெல்லாம் பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்து பாய்ந்து வர, பிரிட்டிஷ் காலாட்படை சதுரம் சதுரமாக நின்றது. நான்கு பக்கமும் துப்பாக்கி முனையில் செருகிய பயனெட் கத்தி நீட்டிக்கொண்டிருக்கும், குதிரை அதன்மேல் பாயாது. ஆனால் குதிரைக்குப் பயந்து சதுரமாக நிற்பவர்கள் பீரங்கிக்குக் கொழுத்த இலக்கு. 27-வது இன்னிஸ்கில்லிங் ரெஜிமென்ட் அன்று நகராமல் நின்ற இடத்திலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆட்களை இழந்தது. செத்தவர்களும் சதுரமாகவே கிடந்தார்கள் என்பார்கள்.

அன்று ராத்திரி களத்தில் இறங்கியவர்கள் பணம், கடிகாரம், பூட்ஸ் எல்லாவற்றையும் எடுத்த பிறகு இன்னொன்றையும் எடுத்தார்கள். முன்பற்கள். இளைஞர்களின் ஆரோக்கியமான பற்கள் லண்டனில் பல்செட் கட்டுகிறவர்களிடம் நல்ல விலைக்குப் போயின. 'வாட்டர்லூ பல்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. தோட்டா கடிக்கத் தேர்ந்தெடுத்த பற்கள் சீமாட்டிகள் வாயில் பிஸ்கட் கடித்தன. எலும்புகளின் கதை இன்னும் மோசம். அந்தப் போரில் இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் மிகச் சிலவே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் அவற்றைத் தோண்டியெடுத்துச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரியாக்க விற்றுவிட்டார்கள் என்று 2022-ல் சில வரலாற்றாய்வாளர்கள் ஆதாரங்களோடு சொன்னார்கள்.

வாட்டர்லூவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பெரும்பாலோர் கையில் இருந்த மஸ்கட்டின் பெயர் 'இந்தியா பேட்டர்ன்'. கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் படைகளுக்காக மலிவாகச் செய்யவைத்த துப்பாக்கி அது. குழல் 39 அங்குலம்தான், பழையதைவிடக் குட்டை. 1793-ல் பிரான்சோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசிடம் போதுமான துப்பாக்கி இல்லை. கம்பெனி கிடங்கில் இருந்ததை அப்படியே வாங்கிக்கொண்டு, பிறகு அதே மாதிரியையே லட்சக்கணக்கில் செய்யச் சொல்லிவிட்டது. கம்பெனியின் மதராஸ் சிப்பாய்க்காகச் செய்தது நெப்போலியனைத் தோற்கடித்தவர்கள் கைக்குப் போனது.

அந்த மதராஸ் சிப்பாயும் தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசிக்கொண்டு அதே டிரில்லைத்தான் செய்தார். அதே கடி, கொட்டு, இடி. ஆளை இயந்திரமாக்குவதில் கம்பெனி அதிகாரிகள் ஒருபடி மேலே போனார்கள். எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை என்று உத்தரவு போட்டார்கள். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-வது ரெஜிமென்ட் வெள்ளையர்கள் தூங்கிக்கொண்டிருந்த குடியிருப்பின் ஜன்னல்கள் வழியாக, அவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே வரிசையாகச் சுட்டார்கள். தப்பிய சிலர் மதிலின்மேல் ஏறிக்கொண்டார்கள், தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலில் ஏறி, காலித் துப்பாக்கியோடு நின்றவர்களை வைத்துக்கொண்டு பயனெட் கத்தியாலேயே சமாளித்தார், பீரங்கி வந்து கதவை உடைக்கும்வரை. அதன்பின் நடந்தது படுகொலை. முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள், அவர்களில் ஏறக்குறைய நூறு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்கள்.

சிக்கிமுக்கிக் கல்லின் காலத்தை முடித்துவைத்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்கு வாத்து வேட்டையில் ஆசை. ஃப்ளின்ட்லாக்கில் தட்டு எரிவதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவில் ஒரு கண இடைவெளி உண்டு. அந்தப் பளிச்சைப் பார்த்ததுமே வாத்து பறந்துவிடும். எரிச்சலடைந்தவர், தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கேப் துப்பாக்கி. 1834-ல் பிரிட்டனில் இரண்டையும் ஆறாயிரம் தடவை சுட்டுப் பார்த்தார்கள். கேப் துப்பாக்கி 36 தடவை ஏமாற்றியது. ஃப்ளின்ட்லாக், 922 தடவை. அதாவது ஏறக்குறைய ஆறரைக்கு ஒன்று! இதை வைத்துக்கொண்டுதான் இருநூறு வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

புதுத் துப்பாக்கி முதலில் பிரிட்டிஷ் படைகளுக்குப் போனது. மதராஸ் சிப்பாய்க்குப் பழையதுதான். முதல் அபினிப் போரில் 1841 மே 30 அன்று, சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில், 37-வது மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி, சுமார் 60 பேர், பெருமழையில் வழி தவறி மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனது. சுற்றிலும் நெல்வயல், முழங்கால் சேறு. ஈட்டியும் மூங்கில் கழியுமாக ஆயிரக்கணக்கான விவசாயிகள் சூழ்ந்துகொண்டார்கள். அபினிப் போருக்கு வந்த பிரிட்டிஷ் படைமேல் அவர்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கோ தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து சம்பளத்துக்கு வந்த அந்த அறுபது பேரிடம் அதைத் தீர்த்துக்கொண்டார்கள். சிப்பாய்கள் சதுரமாக நின்றார்கள். விசையை இழுத்தார்கள். கல் எஃகில் உரசியது, தட்டில் மருந்து கூழாகியிருந்தது. துப்பாக்கிகள் வெடிக்க மறுத்தன. ஈட்டிக்கு எட்டாத குட்டைக் கத்தியை நீட்டிக்கொண்டு, இருட்டும்வரை அப்படியே நின்றார்கள்.

தேடி வந்த கடற்படை வீரர்கள் கையில் கேப் துப்பாக்கிகள் இருந்தன. அவை மழையிலும் வெடித்தன. கூட்டம் கலைந்தது. சிப்பாய்களில் ஒருவர் இறந்திருந்தார், பலர் காயம்பட்டிருந்தார்கள். அந்த விவசாயிகளுக்கு இன்று குவாங்சோ நகரில் நினைவுச்சின்னமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.